சத்தம் எண்பதில்

கடைக்கு மூன்று ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் வந்தன. அதில் ஒன்றின் பெட்டி லொறியிலேயே நசுங்கிவிட்டது. உள்ளே இருந்த சாமானில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நசுங்கிய பெட்டியைப் பதுளையில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று முதலாளி இத்ரூஸ் நானாவுக்குத் தெரியும்.

"இத வெளிய எடுத்து வெய்யி விஜேந்திரன். வார ஆக்களுக்குப் பேசிக் காட்டு," என்றார்.

அன்று முழுக்க நான் அதோடுதான் பேசினேன். ஃபோன் திருத்தக் கொடுத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்கள். பெரிய கொய்யாப்பழம் அளவுதான் இருக்கும், சாம்பல் நிறத் துணி போர்த்தியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் ஒரு வெளிச்சம் வரும். நேரம் கேட்டால் சொல்லும், மழை வருமா என்று கேட்டால் சொல்லும், பாட்டுக் கேட்டால் போடும். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். தமிழ்ப் பாட்டின் பெயரை வெள்ளைக்காரன் மாதிரி நாக்கை மடித்துச் சொன்னால்தான் அதற்குப் புரியும். அதெல்லாம் எனக்குக் குறையாகவே தோன்றவில்லை. புது ஃபோன் ஒன்று கைக்கு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இது வேறு, கையே வேண்டாத சாமான்.

ஃபோனுக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஸிஹாமா டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத வீட்டுக்கு எடுக்கிறது பிரயோசனமா தம்பி, இல்லாட்டி சும்மா வெளையாட்டுச் சாமானா? எங்கட உம்மா பசறையில பகலைக்குத் தனியத்தான் ஈக்கிறாங்க. ஃபோன் அடிச்சா எடுக்கவே பயம்."

நான் விடுவேனா. மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தும், குர்ஆன் ஓதுவதைப் போட்டுவிடும், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே உம்மாவோடு பேசலாம் என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசியில், "ஒரு ஆளு பக்கத்துல இருக்குற மாதிரிதான் டீச்சர்," என்றேன்.

"யோசிச்சிட்டு வாரன். ஒண்ட எனக்கு வெய்ங்க," என்று டீச்சர் போனார்.

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போனது. வீட்டுக்குத் தெமோதரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் ஆள் வேண்டியவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

அப்பாவின் பெயர் தம்பையா. தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். தைப் பொங்கல் முடிந்து நான்காம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தண்ணீர்ப் பீலிக் கல்லில் சாய்ந்தார். வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: சரி. பசித்தாலும் சரி, தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. முகத்தைப் பார்த்து, என்ன சரி என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மா நல்லம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வர சாயங்காலம் ஐந்து மணி ஆகும். நான் பதுளையில். பகல் முழுக்க அப்பா தகரக் கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

அவரைப் பார்த்துக்கொண்டது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வேலாயி அத்தைதான். எங்கள் லயம் ஒரே நீளக் கட்டிடம், குடும்பத்துக்கு ஒரு அறையாக எட்டுக் காம்பரா. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு என்போம். அத்தை பென்ஷன் வாங்கியவர். முழங்கால் வீங்கி நடக்க முடியாததால் எப்போதும் வீட்டில் இருப்பார். சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியதில் எனக்கு அத்தையானவர்.

அத்தையும் அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பாவின் கட்டில் சுவரை ஒட்டி, இடது கைப் பக்கம் சுவர் வருகிற மாதிரி. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அத்தை மணிக்கு ஒரு தடவை அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அப்பா டம்ளரால் இரண்டு தட்டு திருப்பித் தட்டினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் வா என்று அர்த்தம். பதில் இல்லாவிட்டால் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து பார்ப்பார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவார். எட்டு மாதம் இது ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எனக்குத்தான் இது வெட்கமாக இருந்தது. ஃபோனிலேயே எல்லாம் நடக்கிற காலத்தில் அகப்பைக் காம்பும் டம்ளருமா என்று இருந்தது. அத்தை வேறு ஒரு நாள், "மருமகனே, என் ரெண்டு காதும் ஒங்க சொவத்துலதான் ஒட்டிக் கெடக்கு. நான் செத்தா சொவத்தோட சேத்துப் பொதைச்சிருங்க," என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குக் குத்தியது.

மறுநாள் அதை அப்பாவுக்குத் தருவீர்களா என்று நானாவிடம் கேட்டேன். அவர் ஸ்பீக்கரையும் என்னையும் பார்த்தார்.

"பெட்டியில்லாத சாமான வெச்சிட்டு நான் என்ன செய்ய. கொண்டு போ. ஒங்கட அப்பாவுக்கு நல்லமாகட்டும்."

சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று என்னிடம் பழையது இருந்தது. அதை ஜன்னல் கம்பியில் கட்டினேன். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஸ்பீக்கரைக் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தேன். அத்தையும் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இந்த டப்பா எங்கண்ணன் கூடப் பேசுமா?"

"பேசும் அத்த."

"இவரு என்ன கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாரு. கல்யாணம் கட்டுன புதுசுல இப்பிடி இருந்திருந்தா அண்ணி எம்புட்டு சந்தோசமா இருந்திருப்பா."

அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார்.

முதலில் அதைக் கூப்பிடுவதற்கு அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல். நான் சொல்வேன், வெளிச்சம் வரும். அப்பா என் வாயைப் பார்ப்பார், கழுத்து நரம்பு புடைக்க முயல்வார், "சரி" என்பார். வெளிச்சம் வராது. மறுபடியும் சொல்வேன். மறுபடியும் "சரி". ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அப்பாவின் நெற்றியில் வியர்வை.

"விடுடா. மனுசன வருத்தாத," என்றார் அம்மா.

சரி, கூப்பிடாவிட்டால் என்ன. ஃபோனில் இருந்தே எல்லாவற்றையும் அமைத்தேன். காலை எட்டரைக்குப் பாட்டு தானாகத் தொடங்கும், நான்கு மணிக்குத் தானாக நிற்கும். நடுவில் நான் கடையில் இருந்து ஃபோனில் பேசினால் என் குரல் இங்கே கேட்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்கூட அங்கிருந்தே முடியும்.

முதல் பாட்டைப் போட்டேன். பழைய பாட்டு, அப்பா வயதுக்காரர்களின் பாட்டு. அப்பா கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் இடது கை நகர்ந்தது. டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் மெதுவாகத் தட்டினார். டங், டங். சரியாகப் பாட்டின் அடியில் விழுந்தது. மார்கழி மாதப் பஜனையில் அப்பாதான் தாளம் போடுவார். வருடா வருடம் விடியற்காலைப் பனியில் லயம் லயமாகப் போகும் பஜனை அது. யாரும் அந்தத் தாளத்தை எங்கள் வீட்டுக்குள் மறுபடியும் கேட்போம் என்று நினைக்கவில்லை. அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்த அத்தையின் குரல் வந்தது. "யாரது, எங்கண்ணனா தாளம் போடுறது?"

"ஆமா அத்த."

"அப்பிடித்தான் அண்ணே. போடுங்க."

அதன் பிறகு மூன்று வாரம் எனக்குத் தரையில் கால் படவில்லை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா தாளம் போட்ட கதையைச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஃபோனில் பேசுவேன். "அப்பா, நான்தான். சாப்பிட்டீங்களா?" என் குரல் தெமோதரை மலையில் எங்கள் காம்பராவுக்குள் கேட்கும் என்பதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

ஒரு நாள் நானா கேட்டார், "யாரோட பேசுற?"

"அப்பாவோட நானா."

"அவர் என்ன சொல்ற?"

"அவரால பேச முடியாதே நானா. நான் பேசுறது அவருக்குக் கேக்கும்."

"அப்ப நீ ரேடியோக்காரன்," என்றார் நானா. நான் சிரித்தேன்.

பாட்டு ஓடும்போது அத்தை தட்டுவது அப்பாவுக்குக் கேட்பதில்லை. பதில் வராமல் அத்தை அந்தக் காலோடு சுற்றி வந்து பார்த்தால் அப்பா கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே நாளில் மூன்று தடவை அப்படி நடந்தது. அன்று சாயங்காலம் அத்தை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னார்.

நான்தான் சொன்னேன். "இனிமே நீங்க தட்ட வேணாம் அத்த. அந்தப் பக்கம் பாட்டு கேட்டுச்சுன்னா அப்பா நல்லா இருக்காருன்னு வச்சுக்குங்க."

"சோறு?"

"சோறு மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் நான் ஃபோன்ல பாத்துக்கிறேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தார். மகன் விஷயம் தெரிந்தவன் என்று இருவரும் நம்பினார்கள். பாட்டு ஓடுவதற்கும் அப்பா நன்றாக இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைத் தானாக ஓடும்படி அமைத்தவன் நான். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை. புதன்கிழமை. காலையில் இருந்தே பதுளைக் கடைத்தெரு தண்ணீரில் கிடந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் மழை இன்னும் வலுத்தது. கடைக்கு ஒருவரும் வரவில்லை. எங்கள் கடைக்கு மேலே தகரம்தான். நானா பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. இந்த மழை அங்கேயும் பெய்தால் அப்பாவுக்குப் பாட்டு எங்கே கேட்கப்போகிறது.

ஃபோனை எடுத்தேன். சத்தம் நாற்பதில் இருந்தது. விரலால் இழுத்து எண்பதில் வைத்தேன்.

"அப்பா, நான்தான். மழையில பாட்டு கேக்குதா? நல்லா சத்தமா வச்சிருக்கேன். சாயங்காலம் வர்றப்ப பேக்கரியில பணிஸ் வாங்கிட்டு வர்றேன்."

பேசிவிட்டு ஃபோனை வைத்தேன். நல்ல காரியம் செய்த நிம்மதி. மேசையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு ஃபோனுக்குப் பேட்டரி மாற்ற உட்கார்ந்தேன்.

ஐந்தே கால் மணிக்கு அம்மா கூப்பிட்டார். பின்னால் ஆட்களின் சத்தம்.

"ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நில்லுடா. ஒங்கப்பாவ கொண்டாறோம்."

"என்னம்மா ஆச்சு?"

"வந்து நில்லு."

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் நனைந்தபடி நின்றேன். லயத்து ஆட்கள் அப்பாவைப் போர்வையில் போட்டு நான்கு பக்கமும் பிடித்துப் படிக்கட்டில் இறக்கி, ரோட்டில் ஓட்டோ பிடித்திருந்தார்கள். ஓட்டோ வந்து நின்றபோது அப்பா அம்மாவின் மடியிலும் அத்தையின் மடியிலும் குறுக்கே கிடந்தார். உதடு நீலம். உடம்பு வாழைத்தண்டு மாதிரிச் சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்து, "சரி," என்றார்.

அம்மா அப்பாவோடு உள்ளே போனார். நானும் அத்தையும் வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தையின் காலில் செருப்பு இல்லை. வரும் வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், இப்போது அழவில்லை. என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சோறு குடுத்துட்டு வந்தேன். ஒழுங்காத்தான் சாப்பிட்டாரு. கையக் கழுவி விட்டு, போர்வைய இழுத்து விட்டுட்டுத்தான் வந்தேன். ஒரு மணிக்கு மேல இருக்கும், பாட்டு சத்தம் திடீர்னு கூடிச்சு. ஒன் பேச்சுகூடக் கேட்டுச்சு, பணிஸ் வாங்கிட்டு வர்றேன்னு."

"ஆமா அத்த."

"அப்புறம் தொம்முன்னு ஒன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. மழையா, எதுன்னு வெளங்கல. கொஞ்ச நேரத்துல தாளம் கேட்டுச்சு. டங்கு டங்குன்னு. பாட்டோட சேந்துதான் கேட்டுச்சு மருமகனே. நான் சொவத்துல சாஞ்சு வெத்தல போட்டுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். எங்கண்ணனுக்கு இன்னைக்கு நல்ல குஷின்னு நெனச்சேன்."

நான் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"மூணு நாலு பாட்டுக்குப் போட்டாரு. விட்டு விட்டுப் போட்டாரு. அப்புறம் நின்னுருச்சு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்." அத்தை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். "நடுவுல நான் சொன்னேன்டா. இந்தப் பக்கத்துலருந்து சத்தமாச் சொன்னேன். அப்பிடித்தான் அண்ணே, போடுங்கன்னு. அவருக்குக் கேட்டிருக்கும்."

அம்மா ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது பாட்டு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் சிமெந்துத் தரையில் கிடந்தார். கூரை ஒழுகி முதுகு முழுக்க நனைந்திருந்தது. டம்ளர் கையிலேயே இருந்தது. கட்டில் கால் இரும்பு. அதில்தான் தட்டியிருக்கிறார், அது சுவரை ஒட்டி இருந்ததால், அத்தைக்குக் கேட்கட்டும் என்று.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. இருதயம் தாங்காது, ஒபரேஷன் செய்ய முடியாது என்றார் டொக்டர். இனி எழுந்து உட்காரவைப்பதும் கஷ்டம் என்றார். அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தார். நான் பகலில் கடைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் இருந்தேன்.

ஏன் இறங்கப் பார்த்தார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒன்பது மாதமாக ஒரு நாளும் தானாக இறங்க முயலாதவர். ஸ்பீக்கர் கால்மாட்டில்தான் இருந்தது. நான் சத்தத்தைக் கூட்டிய நேரமும் அத்தை சொன்ன நேரமும் ஒன்றுதான். ஃபோனை எடுத்துப் பார்த்தால் அதில் எண்பது அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் அவர் காதருகில் குனிந்தேன்.

"அப்பா, சத்தம் கூடிப்போச்சுன்னு கொறைக்கவா எறங்குனீங்க?"

"சரி."

"இல்ல, மழத் தண்ணி டப்பாவுல ஒழுகுதுன்னு எடுக்கப் போனீங்களா?"

"சரி."

"நான் பேசினேனே, எனக்குப் பதில் சொல்லவா?"

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் இருந்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி," என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். ஸ்பீக்கரை வயரோடு சுருட்டி, ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, அலுமாரி மேலே வைத்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடிக்கும்போது உதட்டில் ஏதோ குத்தியது. டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். வாய் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நெளிந்து, மடங்கி, பல் பல்லாக இருந்தது. அம்மா தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. மீதியையும் அதிலேயே குடித்தேன்.

அப்பாவுக்கு வேறு டம்ளர் வைத்தோம். மறுநாள் காலை அத்தை சுவரில் இரண்டு தட்டு தட்டினார். அப்பா தட்டவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அத்தை மறுபடி தட்டினார். அப்பா சுவர்ப் பக்கம் இருந்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அத்தை தட்டுவதை விட்டுவிட்டார். மணிக்கு ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார். சுவர் வழியாகக் கேட்டதையெல்லாம் அவர் இப்போது நம்புவதில்லை. முழங்கால் இன்னும் வீங்கியது. அம்மா வேண்டாம் என்றார், கேட்கவில்லை.

நான் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்த வாரம் ஸிஹாமா டீச்சர் வந்தார்.

"யோசிச்சிட்டன் தம்பி. அந்தச் சாமான் ஒண்டத் தாங்க. சொல்லுங்க, உம்மாவுக்கு எப்பிடி வெச்சிக் குடுக்கிறது?"

மீதி இரண்டும் கண்ணாடி அலுமாரியில் இருந்தன. நல்ல பெட்டி, நசுங்காதது. நானா கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"பாட்டு கேக்க நல்லது டீச்சர். நேரம் கேட்டா சொல்லும். மழையக் கேட்டாலும் சொல்லும்," என்றேன்.

"அன்டக்கி இன்னம் நெறய சொன்னீங்க. ஒரு ஆள் பக்கத்துல ஈக்கிற மாதிரியெண்டு."

"உம்மாவுக்கு இங்கிலீஷ்ல கூப்பிட வருமா டீச்சர்?"

"எங்க. நீங்கதானே சொன்னீங்க, நானே ஃபோன்ல போட்டுக் குடுக்க ஏலும்டு."

"ஏலும். நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கும். அவங்க கீழ விழுந்து கூப்பிட்டா ஒங்களுக்குக் கேக்காது." அலுமாரிக் கதவை நான் திறக்கவில்லை. "பக்கத்து வீட்டுல யாரு டீச்சர் இருக்கா?"

"ஷஹீலா மாமி."

"உம்மாட சத்தம் அவங்களுக்குக் கேக்குமா?"

"உம்மா இருமினாலும் எட்டிப் பாப்பாங்க. அவ்வளவு கிட்ட."

"அப்ப இத வாங்காதீங்க. வாங்குறதுன்னா ஞாயித்துக்கெழமைக்கு வாங்குங்க. நீங்க வீட்டுல இருக்குற நேரம் மட்டும் போடுங்க. ஆளில்லாத நேரம் போடாதீங்க."

டீச்சர் நானாவைத் திரும்பிப் பார்த்தார். விற்கிற பையனே வேண்டாம் என்றால் யாருக்கும் குழப்பம்தான்.

"தம்பிட அப்பாவுக்குச் சொகமில்ல டீச்சர்," என்றார் நானா.

டீச்சர் வாங்கவில்லை. அவர் போன பிறகு நானா எழுந்து வந்து இரண்டு பெட்டியையும் எடுத்துக் கீழ்த்தட்டில், சார்ஜர் வயர்களுக்குப் பின்னால் வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அம்மா அப்பாவைத் துடைத்து வேறு சாரம் கட்டிவிட்டார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அலுமாரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கையைத் தூக்கி அந்தப் பையைக் காட்டினார்.

"சரி," என்றார்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அதக் கேக்குறாரு," என்றார் அம்மா. "வேணாம்னு சொல்லு."

அப்பா கையை இறக்கவில்லை. "சரி. சரி."

இறக்கினேன். தூசி தட்டி, ஸ்டூலில் வைத்து, வயரைச் செருகினேன். சத்தத்தை இருபதில் வைத்தேன். முதல் நாள் போட்ட அதே பாட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கை போர்வை மேல் கிடந்தது. அது நகருமா என்று நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். நகரவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

பாட்டு பாதிகூடப் போயிருக்காது. அந்தப் பக்கம் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு இஸ்தோப்புச் சுவரைக் கை உரசிக்கொண்டு வரும் சத்தம், கால் இழுபடும் சத்தம், வேகமாக. அத்தை வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கையில் கழுவிக்கொண்டிருந்த அரிசி ஒட்டியிருந்தது.

"பாட்டு கேட்டுச்சு," என்றார்.

"ஒன்னுமில்ல அத்த. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."

அத்தை கேட்காத மாதிரி உள்ளே வந்தார். போர்வையை விலக்கி அப்பாவைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். தரையைப் பார்த்தார். கட்டில் காலைப் பார்த்தார். பிறகு போனார். இரண்டாவது பாட்டுத் தொடங்கியதும் தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது. மறுபடி கால் இழுபடும் சத்தம். வாசலில் நின்று, "சும்மாதான்," என்றார். அவர் முழங்கால் துணிச் சுற்றுக்கு வெளியே பிதுங்கி நின்றது.

அவர் போகும்வரை அம்மா பொறுத்திருந்தார்.

"நிப்பாட்டுடா," என்றார். "பாட்டு கேட்டா அவளால இருக்க முடியல. அவ காலு பாவம்."

நான் ஃபோனை எடுத்து நிறுத்தினேன். காம்பராவுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் அத்தை அரிசி களைவது கேட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சரி."